என்னை யாரும் திட்டவில்லை

மார்ச் 8 நெருங்கினால் என் கைபேசிக்கு ஓய்வு கிடையாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பள்ளிகளும் கல்லூரிகளும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மேடைக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் பேனர், அதில் என் பழைய சீருடைப் படம், படத்துக்கு மேலே 'சிங்கப்பெண்' என்று மஞ்சள் எழுத்து. சால்வை, நினைவுப் பரிசு, தேசிய கீதம். நான் 22 வருடம் ராணுவத்தில் உத்தியோகம் பார்த்தேன். அதில் பெரும்பகுதி அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், டீசல் கணக்கு. சிங்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

இந்த வருடம் ஒரு பள்ளியில், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "மேடம், உங்கள யாராவது திட்டியிருக்காங்களா?" என்று கேட்டாள். ஆசிரியைகள் சிரித்தார்கள். தலைமை ஆசிரியை, உட்கார் என்று கையைக் காட்டினார். இத்தனை மேடைகளில் யாரும் கேட்காத கேள்வி அது. மைக்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "முதல் நாலு வருஷம் யாருமே திட்டல. அதுதாம்மா பிரச்சினையே" என்றேன். அவளுக்குப் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அங்கே ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு வேலூரில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு காவல் நின்றார். கம்மவான்பேட்டை மாதிரி, தெருவுக்குத் தெரு சிப்பாய் வீடுகள் உள்ள மாவட்டம் எங்களுடையது. மிலிட்டரிக்காரர் வீடு என்றால் கட்டிலடியில் கருப்பு டிரங்குப் பெட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். 2001 அக்டோபரில் அந்தப் பெட்டியில் அப்பா பெயரைச் சுரண்டிவிட்டு, வெள்ளை பெயின்ட்டில் என் பெயரை எழுதிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். பி.எஸ்சி. கணிதம், என்.சி.சி. 'சி' சர்டிபிகேட், 22 வயது.

மின்சார ரயிலில் தினமும் கடந்து போகிறவர்களுக்குப் பரங்கிமலை ஒரு ஸ்டேஷன். எங்களுக்கு அது அதிகாரிகள் பயிற்சி அகாடமி. நாட்டில் பெண்கள் ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறத் தொடங்கியது அங்கேதான். 1950-ஆம் வருட ராணுவச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, அரசு தனியாக அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர வேறெதிலும் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்கிறது. நர்சுகளும் டாக்டர்களும் எப்போதோ இருந்தார்கள். மற்ற பிரிவுகளின் கதவு 1992-ல்தான் திறந்தது. அந்த வருடம் 25 பெண்கள் பரங்கிமலைக்கு வந்தார்கள், 1993 மார்ச்சில் அதிகாரிகளானார்கள். அவர்களில் பிரியா ஜிங்கனின் எண் 001. திறந்த கதவில் ஒரு சீட்டும் ஒட்டியிருந்தது: ஐந்து வருடம்தான். பிறகு அதைப் பத்தாக்கினார்கள், பதினான்காக்கினார்கள். ஆண்களில் குறுகிய காலப் பணிக்கு வந்தவர்கள் நிரந்தரப் பணி கேட்டு விண்ணப்பிக்கலாம். அப்போது நாங்கள் கேட்கவே முடியாது.

எங்களுக்குப் பயிற்சி 24 வாரம். ஆண்களுக்கு அதைவிட அதிகம். 2006-க்குப் பிறகுதான் இரண்டு பேருக்கும் 49 வாரம் என்று ஆனது. குறைத்ததைச் சலுகை என்றுதான் அப்போது நினைத்தோம். யூனிட்டுக்குப் போய், உடன் வேலை செய்கிறவன் கற்று வந்ததில் பாதி நமக்குத் தெரியவில்லை என்று உறைக்கும்போதுதான் சலுகையின் விலை புரியும்.

மேஜர் பரமேஸ்வரன் பெயர் தாங்கிய அணிவகுப்பு மைதானத்தில் 2002 மார்ச்சில் கடைசி அடி எடுத்து வைத்தேன். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு தோளில் நட்சத்திரத்தைக் குத்தினார்கள். அப்பா அழவில்லை, சல்யூட் அடிக்கவும் இல்லை. "சல்யூட்டு உனுக்குன்னு நெனைச்சிக்காத. தோளு மேல கீற நட்சத்திரத்துக்குத்தான் அடிக்கிறான். உன் பேச்ச அவன் கேக்கறது வேற கணக்கு" என்றார்.

முதல் யூனிட் வடக்கே ஒரு சப்ளை டெப்போ. மூன்றாவது மாதம், என்னோடு சேர்ந்த இன்னொரு லெப்டினன்ட், ஹரியானாக்காரன், ஜெர்ரிகேன் கணக்கில் நான்கு குறைத்துக் காட்டிவிட்டான். ஒரு கேன் 20 லிட்டர். ஆக 80 லிட்டர். சிஓ, அதாவது யூனிட்டின் கட்டளை அதிகாரி, அவனை உள்ளே கூப்பிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் வாங்கு வாங்கு என்று வாங்கினார். அன்று ராத்திரி பதினோரு மணி வரை அவன் ஸ்டோரில் டார்ச் அடித்துக் கேன் எண்ணிக்கொண்டிருந்தான். அடுத்த வாரமே நான் மண்ணெண்ணெய்ப் பேரல் பன்னிரண்டை லெட்ஜரில் ஏற்றாமல் விட்டேன். ஒரு பேரல் 200 லிட்டர். சிஓ என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். டீ வந்தது. "கோயி பாத் நஹீ, பரவாயில்லை, ஹெட் கிளார்க் சரி செய்துவிடுவார்" என்றார். 80 லிட்டருக்கு அவனுக்கு அந்த அர்ச்சனை, 2,400 லிட்டருக்கு எனக்கு ஒரு டீ.

எவ்வளவு நல்ல மனிதர் என்று எஸ்.டி.டி. பூத்தில் நின்று அப்பாவிடம் சொன்னேன். மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "திட்டலியா? அப்ப உன்ன ஆபீசரா வச்சிக்கலம்மா. விருந்தாளியா வச்சிகிறாங்க. விருந்தாளிய யாரு திட்டுவாங்க?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் தணிய நான்கு வருடம் ஆனது. அதற்குள் அந்த ஹரியானாக்காரன் ஒவ்வொரு ஏச்சுக்கும் ஒரு பாடம் கற்று, டெப்போவின் எந்த மூலையில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். எனக்கோ விருந்தினர் வரவேற்பு, குடும்பநல விழா, விஐபி வந்தால் தேநீர் ஏற்பாடு. நல்ல கோர்ஸ் ஒன்றுக்கு இடம் வரும்போதெல்லாம், "மேடம், நீங்க எப்படியும் போயிடுவீங்க, இருக்கப்போறவனுக்குக் குடுப்போமே" என்பார்கள். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. அரசாங்கப் பணத்தைச் செலவழித்து ஒருவரைத் தயார் செய்கிறோம், அவர் முப்பது வருடம் இருந்தால்தானே லாபம் என்று கணக்குப் போட்டார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

ராணுவத்தில் ஓர் அதிகாரியின் தலையெழுத்தை எழுதுவது வருடாந்திர ரகசிய அறிக்கை. நேர் மேலதிகாரி முதலில் எழுதுவார், அவருக்கு மேலே உள்ளவர்கள் பார்த்து எழுதுவார்கள். ஒவ்வொரு குணத்துக்கும் ஒன்பதுக்கு இத்தனை என்று மதிப்பெண். கடைசியில் ஆளைப் பற்றிச் சில வரிகள், அதைப் 'பென் பிக்சர்' என்போம். பதவி உயர்வு, படிப்பு, பொறுப்பு எல்லாவற்றுக்கும் ஒரு மதிப்பெண் வித்தியாசமே போதும். ஆகவே நல்ல சிஓ, யார் மேலே போகவேண்டும் என்று நினைக்கிறாரோ அவரைத் திட்டித் தீட்டி, அந்த அறிக்கையைப் பார்த்துப் பார்த்து எழுதுவார். மேலே போக வழியே இல்லாத ஆளுக்கு யார் மெனக்கெடுவார்கள்? குறை சொல்லாத, கனமில்லாத, யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற அறிக்கைகள் எங்களுக்கு வந்தன. நாங்களும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. எப்படியும் போகப்போகிறவர்கள்தானே!

என்னை முதலில் திட்டியவர் ஒரு சுபேதார், கட்வால் மலைக்காரர். 2006-ல் லடாக்குக்குப் பனிக்காலச் சரக்கு ஏற்றும் வேலையில் இருந்தேன். அந்த நாட்களில் ஸ்ரீநகர்–லே பாதையில் சோஜிலா கணவாய் பனியில் மூடிக்கொண்டால் மாதக்கணக்கில் தரைவழி இருக்காது. அரிசி, மாவு, பருப்பு, டின் பால், புகாரி அடுப்புக்கு மண்ணெண்ணெய், குளிரில் உறையாத டீசல் என்று அத்தனையும் அதற்கு முன்னால் மேலே போயாகவேண்டும். லாரியில் போகாதது வான்வழியில்தான் போகும். அதற்கு ஆகும் செலவைக் கேட்டால் மயக்கம் வரும்.

ஒரு நாள் சாயங்காலம் 34 வண்டிகள் கணவாயைக் கடந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டேன். சுபேதார் என்னை ஓட்டுநர்கள் வரிசை ஓரமாகவே நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி வண்டிக்குப் பின்னால் வெறும் ரோடு. "சாப், நீங்க காகிதத்த எண்ணினீங்க. வண்டிய எண்ணல. வராத ரெண்டு வண்டியில நாலு பசங்க இருக்காங்க. ராத்திரி மைனஸுக்குப் போகும்" என்று இந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். திரும்பிப் போனோம். இரண்டு வண்டிகளும் கணவாயைக் கடக்காமலே நின்றிருந்தன, ஒன்றில் எஞ்சின் கோளாறு, மற்றது துணைக்கு நின்றது. பையன்கள் ஸ்டவ்வைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவமானத்தில் எனக்குக் காது எரிந்தது. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு வண்டியின் பம்பரையும் கையால் தொட்டு எண்ணினேன். ஓய்வு பெறும்வரை அப்படித்தான் எண்ணினேன்.

அவர் என்னை 'மேடம்' என்று கூப்பிடாமல் 'சாப்' என்று கூப்பிட்டதை வெகு நாள் கழித்துத்தான் யோசித்தேன். படையில் 'மேம்சாப்' என்றால் அதிகாரியின் மனைவி. 'மேடம்' என்றால் அதிகாரிதான், ஆனாலும் சொல்கிற குரலில் கொஞ்சம் தயக்கம் இருக்கும். ஆண் அதிகாரிக்குத்தான் 'சாப்'. திட்டும்போதுதான் அவருக்கு நான் சாப் ஆனேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நிரந்தரப் பணி கேட்டு உச்ச நீதிமன்றத்தில் எங்கள் வழக்கு நடந்தபோது அரசுத் தரப்பில் ஒரு வாதம் வைத்தார்கள். படைவீரர்கள் பெரும்பாலும் கிராமத்திலிருந்து வருகிற ஆண்கள், பெண் அதிகாரியின் கட்டளையை ஏற்க அவர்கள் மனம் இன்னும் பழகவில்லை என்றார்கள். நான் பார்த்த கிராமத்துச் சிப்பாய்க்கு இந்தக் கவலை இல்லை. ரேஷன் நேரத்துக்கு வருமா, லீவு கையெழுத்து ஆகுமா, வண்டி நின்றால் இந்த ஆபீசர் திரும்பி வருவாரா என்பதுதான் அவன் கவலை. அவன் எங்களைச் சோதித்தான், நாங்கள் தேறினோம் அல்லது தோற்றோம். சோதிக்கவே தயங்கியவர்கள் அவனுக்கு மேலே இருந்தார்கள்.

வழக்கின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003-ல் வழக்கறிஞர் பபிதா புனியா டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2010 மார்ச்சில் பெண்களுக்கும் நிரந்தரப் பணி என்று தீர்ப்பு வந்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. வழக்கு முடியாததால் பதினான்கு வருடம் தாண்டியும் நான் பணியில் இருந்தேன். பத்து வருடம் இழுத்து, 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. கர்ப்பம், குடும்பம், உடலமைப்பு என்று சொன்ன வாதங்களெல்லாம் பெண்களைப் பற்றிய பழைய அச்சில் வார்த்தவை என்றது. நாங்கள் மெஸ்ஸில் ஜிலேபி வாங்கிக் கொடுத்தோம்.

அந்த செப்டம்பரில் தேர்வுக் குழு கூடியது. அப்போது எனக்கு 41 வயது, லெப்டினன்ட் கர்னல். அறுபது சதவீத மதிப்பெண் வேண்டும். கோட்டைத் தொட்டுத் தாண்டியிருந்தேன். ஆனால் உடல்தகுதியில் நிறுத்திவிட்டார்கள். ராணுவத்தில் உடல்தகுதியை 'ஷேப்' என்பார்கள்: மனம், செவி, கைகால், பொது உடல்நிலை, கண் என்று ஐந்தும் முதல் தரத்தில் இருந்தால் 'ஷேப் 1'. மலையில் ஏறி இறங்கிய என் இடது மூட்டு முதல் தரத்தில் இல்லை. ஆண் அதிகாரிகளுக்கு இந்தத் தேர்வு பணியின் ஐந்தாவது அல்லது பத்தாவது வருடத்திலேயே, இளம் வயதிலேயே நடந்து முடிந்திருக்கும். அதன் பிறகு அவர்கள் மூட்டு தேய்ந்தால் உத்தியோகம் போகாது.

ரகசிய அறிக்கைகளில் நடந்தது நேர் எதிர். எங்கள் பணியின் ஐந்தாவது, பத்தாவது வருடம் வரைக்குமான அறிக்கைகளைத்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் கணக்கில் இல்லை. உடம்புக்கு இன்றைய தேதி, உழைப்புக்குப் பழைய தேதி! டீ கொடுத்து அனுப்பிய வருடங்களின் கனமில்லாத அறிக்கைகள்தான் தராசில் ஏறின. கிடைக்காத கோர்ஸ்களுக்கும் மதிப்பெண் இருந்தது. என்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி, என் பேட்ச்காரி, அறுபதுக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோனாள்.

2021 மார்ச் 25 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் மறைமுகப் பாகுபாடு என்றது. பார்வைக்கு எல்லோருக்கும் ஒரே விதி, விழுகிற அடி மட்டும் ஒரு பக்கம். பெண்களுக்கு நிரந்தரப் பணி என்ற வாய்ப்பே இல்லாத காலத்தில் ஏனோதானோவென்று எழுதிய அறிக்கைகளை வைத்து இப்போது எடைபோட முடியாது என்றும் சொன்னது. அறுபதைத் தாண்டியவர்களின் உடல்தகுதியை ஐந்தாவது அல்லது பத்தாவது வருட நிலையில் பார்க்கச் சொன்னது. அப்படித்தான் எனக்கு நிரந்தரப் பணி கிடைத்தது. 2024-ல் ஓய்வூதியத்தோடு வெளியே வந்தேன். பதினான்கு வருடம் முடித்து, ஓய்வூதியம் இல்லாமல் முன்னாலேயே போன என் சீனியர்களை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கும்.

எல்லாவற்றையும் மற்றவர்கள் தலையில் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. திட்டு வாங்காததை நானும் ரசித்தேன். அந்த டீ ருசியாகத்தான் இருந்தது. அதைவிட மோசமானது 2018-ல் நடந்தது. என் கீழே வந்த ஒரு பெண் லெப்டினன்ட் வாகனப் பராமரிப்புப் பட்டியலில் பெரிய தப்பு செய்தாள். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள் போல முகம். வேலூரில் என் அம்மாவிடம் வளர்ந்துகொண்டிருந்த மகளை நினைத்துக்கொண்டேன். "பரவாயில்லம்மா" என்றேன். பிளாஸ்கிலிருந்து நானே டீ ஊற்றிக் கொடுத்தேன். அந்த வருட அறிக்கையில் அவளைப் பற்றி இனிமையாக, உபயோகமில்லாமல் நான்கு வரி எழுதினேன். இரண்டு வருடம் கழித்து, என் பழைய அறிக்கைகள் மேஜை மேல் விரிந்தபோதுதான் அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

தரம் குறைந்துவிடும் என்று பயப்படுகிற பழைய அதிகாரிகள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தரத்தைக் குறைக்கவே கூடாது. பள்ளத்தில் லாரி கவிழ்ந்தால் இழுக்கிற கை ஆணா பெண்ணா என்று லாரி பார்க்காது. தரத்தைக் குறைத்தது யார் என்பதுதான் என் கேள்வி. எங்களுக்கு 24 வாரம் போதும் என்றவர்கள், கோர்ஸ் வேண்டாம் என்றவர்கள், தப்பைத் திருத்தாமல் டீ கொடுத்தவர்கள்தானே குறைத்தார்கள்?

நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. 2021-ல் உச்ச நீதிமன்றம் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் தேர்வைப் பெண்களுக்கும் திறந்துவிட்டது. முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே மாதம் தேறி வந்தார்கள். 2023-ல் பரங்கிமலையிலிருந்து ஐந்து பெண்கள் பீரங்கிப் படைக்குப் போனார்கள். 2025 ஆகஸ்டில், ராணுவச் சட்டப் பிரிவில் ஆண்களுக்கு 6 இடம், பெண்களுக்கு 3 இடம் என்று பிரித்ததை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மதிப்பெண் அதிகம் வாங்கிய பெண், குறைவாக வாங்கிய ஆணுக்காக வெளியே நிற்கக் கூடாது என்பது எளிமையான நியாயம்தான். அதற்கும் நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்தது.

கதவைத் தீர்ப்புகள் திறக்கும். உள்ளே வந்தவளை வீட்டு ஆளாக வைப்பதா, விருந்தாளியாக வைப்பதா என்பதை எந்த நீதிமன்றமும் தினமும் வந்து பார்க்காது. அது ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு சிஓவின் மேஜையில் முடிவாகிறது. இன்றைய இளம் சிஓக்களிடம் என் வேண்டுகோள்: உங்கள் யூனிட்டுக்கு வரும் பெண் லெப்டினன்ட் முப்பது வருடம் இருக்கப்போகிறாள் என்றே எழுதுங்கள். முதல் கோர்ஸுக்கு யாரை அனுப்புவது என்று யோசிக்கும்போது அவள் பெயரையும் வைத்து யோசியுங்கள். வரவேற்புக் குழுவில் போடுவதற்கு முன்னால் கான்வாயில் போடுங்கள். தப்பு செய்தால் கதவைச் சாத்தாமலே திட்டுங்கள்.

இது ராணுவத்துக்கு மட்டும் சொல்வதில்லை. கல்யாணமானால் போய்விடுவாள், குழந்தை பிறந்தால் நின்றுவிடுவாள் என்று நினைத்து, புதிதாக வந்த பெண்ணுக்குச் சுலபமான வேலையைக் கொடுக்கிற அலுவலகம் எந்த ஊரில் இல்லை? அவள் போய்விட்டால், 'பார்த்தாயா, சொன்னேனே' என்கிறார்கள். வேரே பிடிக்காத இடத்திலிருந்து போவதற்கு என்ன கஷ்டம்?

அன்று விழா முடிந்ததும் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் நோட்டை நீட்டிக்கொண்டு வந்தாள். என் பேச்சைக் குறிப்பெடுத்திருந்தாள், கீழே கையெழுத்து வேண்டுமாம். படித்துப் பார்த்தேன். 'லெப்டினன்ட்' தப்பு. முதல் பெண்கள் அணி வந்த வருடத்தை 1982 என்று போட்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஆசிரியை, "சின்னப் பொண்ணு மேடம், போட்டுடுங்க" என்றார். நான் பேனாவை மூடினேன். "ரெண்டு தப்பு இருக்கு. திருத்திட்டு வா, போடறேன். கவனமா கேட்டிருந்தா இது வந்திருக்காது" என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

அவள் முகம் சுருங்கிவிட்டது. மேடை ஓரத்துப் படியில் உட்கார்ந்து ரப்பரை எடுத்தாள். வெளியே வண்டி காத்திருந்தது. நானும் காத்திருந்தேன்.